சின்ன மீன் மேலே

பெட்டியக்காவுக்கு உட்காரத் தெரியாது. நின்றுகொண்டே சாப்பிடுவாள், நின்றுகொண்டே சண்டை போடுவாள். மகளுக்குத் தலை பின்னும்போதுகூட நடந்துகொண்டேதான் பின்னுவாள். அந்தப் பெண்ணும் தலையைச் சாய்த்தபடி கூடவே நடக்கும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். விடிவதற்கு முன்பே அவள் காலடிச் சத்தம் வாசலுக்கும் கொல்லைக்குமாகப் போய்வரும். சத்தம் நின்றால், கிளம்பிவிட்டாள் என்று தெரிந்துகொண்டு நானும் எழுந்திருப்பேன்.

கிளம்புவது அக்கரைக்கு. அக்கரை என்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம். வேறு நாடு, வேறு பாஷை. நடுவில் ஒரு பாலம், பாலத்தின் இரண்டு முனையிலும் இரண்டு கேட்டுகள். துறைமுகம் இந்தப் பக்கம், சந்தை அந்தப் பக்கம். ஏலத்தில் மீன் எடுத்து, ஐஸ் போட்டுப் பெட்டியில் அடுக்கி, லாரியில் ஏற்றி, தானும் ஏறிப் பாலத்தைத் தாண்டுகிற பெண்கள் எங்கள் ஊரில் ஒரு கூட்டமே உண்டு. அதில் பெட்டியக்காதான் மூத்தவள். நான் ஐஸ் பிளான்ட்டில் கட்டி உடைக்கிறவள். அவளுடைய பெட்டிகளுக்கு ஐஸ் வாரிப் போட்டே என் விரல்கள் மரத்துப்போயின. அந்த உரிமையில்தான் இதைச் சொல்கிறேன். பிடிக்காதவர்கள் காதைப் பொத்திக்கொள்ளட்டும்.

அவள் புருஷனைத் தெருவே மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடும். மனைவி வீட்டோடு வந்து தங்கியவர் என்பதால் வந்த பேர். தலை பாதி வழுக்கையாகி, மகள் கல்லூரிக்குப் போகிற காலத்திலும் மாப்பிள்ளைதான். அதில் மரியாதை கொஞ்சம், நக்கல் மிச்சம். முன்பு சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்தார். கொட்டகை குடோனாக மாறியபின் வீட்டு வேலை முழுக்க அவர் கையில். நல்ல கை, அதையும் சொல்லவேண்டும். அவர் வைக்கிற குழம்பு வாசனைக்கு என் வீட்டுச் சோறு தானாகத் தொண்டையில் இறங்கும். மனைவியோடு சண்டை என்று ஒரு நாளும் சுவரைத் தாண்டிச் சத்தம் வந்ததில்லை. ஆனால் பொது இடத்தில் யாராவது "என்ன மாப்ளே, சமையல் ஆச்சா?" என்று கேட்டால் அவர் முகம் ஒரு நொடி செத்து உயிர் பிழைக்கும். அதை நான் பார்த்திருக்கிறேன். பெட்டியக்கா பார்க்கவில்லை. அவள்தான் ஓரிடத்தில் நிற்கவே மாட்டாளே.

அக்கரையில் அவளுக்கு ஒரு சம்பந்தி உண்டு. பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தி இல்லை. மீன் வாங்கி விற்கிற கடைக்காரி. எங்க மீனுக்கும் அவ தராசுக்கும் கல்யாணம் ஆகி வருஷமாச்சு, அப்ப நாங்க சம்பந்திதானே என்பாள். இவளுக்கு அந்தப் பாஷையில் எண்களும் வசவுகளும் தெரியும். அவளுக்கு நம் பாஷையில் அதே அளவு. மிச்சத்தைக் கையும் முகமும் பேசிக்கொள்ளும். அந்தக் கடையில் தனக்கென்று ஒரு முக்காலி போட்டு வைத்திருப்பதாகவும், அதில் மட்டும் தான் உட்காருவதாகவும் பெட்டியக்கா சொல்வாள். நான் நம்பியதே இல்லை.

அவர்களுடைய வியாபாரத்தில் ஒரு கிறுக்குத்தனம் இருந்தது. மற்றவர்கள் பெட்டிக்கு முகம் வைப்பார்கள். அதாவது பெரிய மீனை, பளபளப்பானதை, மேலே அடுக்குவார்கள். திறந்ததும் வாங்குகிறவர் கண் விரியவேண்டும். பெட்டியக்கா தலைகீழ். சின்னது, செதில் உதிர்ந்தது எல்லாம் மேலே, போகப்போகப் பெரிது, அடியில் ராஜா மாதிரி கிடக்கிறதுதான் அன்றைக்கு எடுத்ததிலேயே நல்ல மீன். ஏன் அக்கா இப்படி என்று கேட்டதற்கு, வெயில் மேல்தட்டைத்தான் தின்னும், தின்றால் சின்னதைத் தின்னட்டும், பெரியதை மேலே வைத்தால் அடியில் இருக்கிற சின்னது நசுங்கிக் கூழாகும் என்றாள். அது பாதிக் காரணம். முதல் வருஷத்தில் ஒரு பெட்டியின் முகத்தைப் பார்த்து வாங்கிய சம்பந்தி, அடியைப் பார்த்துவிட்டுச் சந்தை நடுவில் இவளைக் கிழித்துத் தொங்கவிட்டாளாம். மறுநாளிலிருந்து இவள் பெட்டியைக் கவிழ்த்து அடுக்க ஆரம்பித்தாள். மேலே இருப்பது பிடித்தால் வாங்கு, கீழே எல்லாம் இதைவிட நல்லது என்று அதற்கு அர்த்தம். அதன்பிறகு இவள் அடையாளத்துக்கு நீலப் பட்டை அடித்து வைத்த பெட்டி வந்தால் சம்பந்தி திறந்தே பார்ப்பதில்லை. கையை மட்டும் அடிவரை விட்டுவிட்டுத் தலையாட்டுவாளாம்.

அப்புறம் அந்த நோய் வந்தது. பாலத்தை மூடினார்கள். மீன்காரிகள் எல்லோரும் கேட்டுக்கு முன்னால் கூட்டமாக நின்று கத்தினார்கள். கூட்டமாக நின்றதற்கே விரட்டினார்கள். கொஞ்ச காலம் கழித்து மனசு இரங்கி, சரக்கு போகலாம், ஆள் போகக்கூடாது என்றார்கள். லாரிக்கு ஒரு டிரைவர், ஏற்றி இறக்க ஒரு ஆள். அந்த ஆளும் ஆணாக இருக்கவேண்டும். அக்கரையில் சரக்கு இறக்கும் யார்டில் பரிசோதனைக்காகத் தங்கவைக்கும் கொட்டகையில் பெண்களுக்கு இடம் இல்லையாம். பாலம் கட்டத் தெரிந்தவனுக்கு ஒரு தடுப்புச் சுவர் கட்டத் தெரியவில்லை. ஏலக்கூடத்துக்குள் போகவும் வீட்டுக்கு ஒரு பாஸ்தான். லாரியில் போகிறவர் பேரில்தான் அதுவும்.

அப்படி மாப்பிள்ளை பேரில் பாஸ் வந்தது.

முதலில் பெட்டியக்காதான் அடுக்கினாள், அவர் ஏற்றிக்கொண்டு போனார். அக்கரையிலும் அதே கதை. சம்பந்திக்குப் பதில், நம் பாஷை கொஞ்சம் தெரிந்த அவள் தம்பி யார்டுக்கு வந்து வாங்கிக்கொண்டு போனான். பெட்டியக்கா சம்பந்திக்குப் போன் போட்டுப் பார்த்தாள். இரண்டு பேரும் ஹலோ ஹலோ என்று சொல்லிச் சிரித்தார்கள். பிறகு பேச ஒன்றுமில்லை. கை இல்லாமல் முகம் இல்லாமல் எதைப் பேசுவது? விலையெல்லாம் ஆண்கள் இருவரும் போனிலேயே பேசி முடித்துக்கொண்டார்கள்.

பிறகு பெட்டியக்காவுக்கே நோய் கண்டது. பின்அறையில் தனியாகப் படுத்தாள். நடமாட்டம் நின்ற அந்த வீட்டுச் சுவரைக் கேட்டுக்கொண்டு நான் படுத்திருந்தது எனக்குத்தான் தெரியும். முதல் லோடுக்கு ஜன்னல் வழியாக, "சின்னது மேல" என்று இருமலுக்கு நடுவே சொல்லி அனுப்பினாள். மூச்சு திணற ஆரம்பித்தபின் அதுவும் இல்லை. மாப்பிள்ளை கஞ்சி வைத்துக் கதவோரம் நகர்த்திவிட்டு, வெளியே உட்கார்ந்து அழுததை நான் கண்ணால் பார்த்தேன். அந்த மனுஷனை மோசமானவர் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அவள் பிழைத்தாள். எழுந்து நடந்தாள். கிணற்றடிவரை போவதற்குள் இரண்டு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் மாப்பிள்ளை வேறு ஆளாகியிருந்தார். தலையைப் படிய வாரி, சட்டைப்பையில் பேனா குத்தி, காலையில் ஏலக்கூடத்துக்குள் போகும்போது நடையே மாறியிருந்தது. பிளான்ட்டில் யாரோ அவரை முதலாளி என்று கூப்பிட்டார்கள். அவர் திரும்பிப் பார்க்கச் சற்று நேரமானது, பழக்கமில்லை பாவம். திரும்பியபோது சிரித்த சிரிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அவள் பெட்டி அடுக்க வருகிறேன் என்றபோதெல்லாம் அவர் வேண்டாம் என்றார். உனக்கு மூச்சு வாங்குது, ஐஸ் ஆகாது, நான் எதுக்கு இருக்கேன் என்றார். அன்பாகத்தான் சொன்னார். சண்டைக்கு வருகிறவனைத் திட்டலாம், போர்வையைப் போர்த்திவிடுகிறவனை என்ன சொல்லித் திட்டுவது? அடுப்படி அவள் கைக்கு வந்தது. அவள் வைத்த சாப்பாட்டை மகள் விழுங்க முடியாமல் வாயிலேயே வைத்துக்கொண்டிருக்கும். பெட்டியக்கா கரண்டியோடு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தாள். மத்தியானத்தில் பாலத்தடிக் கம்பிவேலிவரை போய், தார்ப்பாய் போட்ட லாரிகள் போவதை நின்று பார்த்துவிட்டு வந்தாள். ஏன் அங்க போற என்று மகள் கேட்டதற்கு, காத்து வாங்க என்றாளாம்.

"அப்பா சந்தோஷமா இருக்கார்ம்மா," என்றது அந்தப் பெண். "விடேன்."

"நான் மட்டும் அவர் சந்தோஷத்துக்குக் குறுக்கயா நிக்கிறேன்?" என்று என்னிடம் வந்து கேட்டாள் பெட்டியக்கா. பாலம் திறந்தா நான் போகணும், அவ்வளவுதான் எனக்கு வேணும், திறக்கிறப்ப எனக்கு அங்க இடம் இருக்கணும்டி என்றாள்.  

அந்த வாரமே முக்காலி வந்தது.

காலிப் பெட்டிகளை இறக்கும்போது நான் பிளான்ட் வாசலில் இருந்தேன். கழுவிக் கவிழ்த்த பெட்டிகளோடு, தனியாகக் கயிறு கட்டிய ஒரு பெட்டி. மாப்பிள்ளை அதைத் தோளில் வைத்துக்கொண்டு யாரோடும் பேசாமல் நடந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. பின்னாலேயே போய் அவர்கள் வீட்டு வாசலில் நின்றேன்.

பெட்டிமேல் அந்த முக்காலி கட்டியிருந்தது. அப்படி ஒன்று இருக்கிறது என்று அன்றைக்குத்தான் நம்பினேன். உள்ளே மீன் வெட்டும்போது முன்னால் கட்டிக்கொள்ளும் மெழுகுத்துணி, துவைத்து மடித்தது. தேய்ந்த ரப்பர் செருப்பு. ஒரு சீப்பு. தண்ணீர் குடிக்கிற லோட்டா. மீன் கத்தி, வெட்டுவாயில் துணி சுற்றியிருந்தது. அக்கரையில் அவள் இத்தனை வருஷமாக வைத்துவிட்டு வந்த அத்தனையும் திரும்பி வந்திருந்தது.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். அவங்களுக்கும் இடப் பிரச்சினையா இருக்கும், இனிமே ஆம்பளைங்க பாத்துக்கிற தொழில்னு ஆகிப்போச்சு, அதான் கழிச்சு அனுப்பிட்டாங்க, மனசுல வச்சுக்காதே என்றார்.

பெட்டியக்கா சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். என்னை வேண்டாம்னு சொல்லிட்டாளா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள், யாரிடம் என்று இல்லாமல்.  நோயில் கிடந்தபோதுகூட அவள் முகம் அப்படி இருந்ததில்லை.

அடியில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. மகள் பிரித்தாள். புதுத் துணி, ஒரு பாவாடை சட்டைக்கு ஆகும் அளவு. மஞ்சளில் சின்னச் சின்னப் பூ. சம்பந்தி மனசில் அந்தப் பெண் இன்னும் சின்னப் பிள்ளை போல. கூடவே ஒரு ரிப்பன்.

"வேண்டாம்னு சொல்றவ புள்ளைக்கு எதுக்குக்கா துணி எடுத்து அனுப்புறா?" என்றேன் நான்.

பெட்டியக்கா கத்தியில் சுற்றிய துணியை அவிழ்த்துப் பார்த்தாள். வெட்டுவாயில் எண்ணெய் தடவியிருந்தது. சீப்பை எடுத்துப் பார்த்தாள். ஒரு முடி இல்லாமல் சுத்தம் செய்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு புருஷனிடம் திரும்பினாள்.

"பெட்டியை எப்படி அடுக்குனீங்க?"

"எப்படின்னா?"

"எது மேல?"

அவர் முகத்தில் பெருமைதான் முதலில் வந்தது. "முகம் வச்சுத்தான். நீ அடுக்குறதைப் பாத்து லாரிக்காரங்க எல்லாம் சிரிக்கிறாங்க. நொந்த மீனை மேல வச்சா எவன் வாங்குவான்? நான் நல்லதா மேல வச்சு அனுப்புறேன். அந்தத் தம்பி ஒரு குறை சொல்லல."

"எனக்கு நோய்னு அங்க சொன்னீங்களா?"

"சொன்னேன். மூச்சு திணறுதுன்னு சொன்னேன்."

"எந்திரிச்சிட்டேன்னு சொன்னீங்களா?"

அவர் சட்டைப்பையிலிருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அப்புறம் சொன்னார், "அவங்க கேக்கல."

பெட்டியக்கா சீப்பைப் பெட்டிக்குள் வைத்தாள். "நீலப் பட்டைப் பெட்டியில பெரிய மீன் மேல வந்தா அவளுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். நோயில கிடந்தான்னு கேள்விப்பட்டிருக்கா. அப்புறம் பெட்டி மாறிப்போய் வந்திருக்கு. அவ என்னை வேண்டாம்னு அனுப்பல. நான் செத்துட்டேன்னு என் சாமானை வீட்டுக்கு அனுப்பியிருக்கா. தாயில்லாப் புள்ளைக்குத் துணி எடுத்திருக்கா."

மகள் கையிலிருந்த துணியை அப்படியே மடியில் வைத்துக்கொண்டது.  எத்தனை நாளாக அந்தப் பொம்பிளை அங்கே அழுதுகொண்டிருக்கிறாளோ.

நாளைக்கு நான் அடுக்குறேன் என்றாள் பெட்டியக்கா. ஒரே ஒரு பெட்டி. போனில் ஹலோ என்றால் நம்ப மாட்டாள், பெட்டியைத்தான் நம்புவாள்; அதைக் கொண்டுபோய்ச் சம்பந்தி கையில் கொடுங்கள், தம்பி கையில் இல்லை என்றாள். அதற்குத்தான் மாப்பிள்ளை வெடித்தார். அந்த வீட்டிலிருந்து அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"இன்னைக்கு ஒரு பெட்டிம்பே, நாளைக்கு எல்லாப் பெட்டியும்பே. அப்புறம் நான் பழையபடி அடுப்படிக்கு. ஊர்ல ஒருத்தன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கானா? இந்த ஒரு வருஷம்தான் நானும் மனுஷன்னு வெளியில போயிட்டு வர்றேன். அதையும் புடுங்கிக்கணுமா உனக்கு?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. பெட்டியக்காவும் அதைக் கேட்டாள் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் நடந்துகொண்டிருந்தவள் நின்றாள்.

"தொழில் வேணுமா, எடுத்துக்கோங்க," என்றாள். "பாதி எடுத்துக்கோங்க, முக்கால்வாசி எடுத்துக்கோங்க. உங்களை அடுப்படியில நிக்க வச்சது தப்புன்னா அதையும் ஒத்துக்கிறேன். ஆனா என்னைச் சாகடிச்சிட்டு எடுத்துக்காதீங்க. அங்க ஒருத்தி எனக்காக அழுதுக்கிட்டிருக்கா. அவ அழுகையை நிறுத்திட்டு வந்து பேசுங்க."

மாப்பிள்ளை வெளியே போய்விட்டார். தெருமுனையில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் ஏலக்கூடத்தில் அவளை விடவில்லை. அவர்தான் மீன் எடுத்தார். ஆனால் எங்கள் பிளான்ட் வாசலில் எனக்குத் தெரியாமல் காக்காய்கூட உள்ளே வராது. மேஸ்திரியிடம், இது என் ஒன்றுவிட்ட அக்கா, ஐஸ் வாரத் துணைக்கு வந்திருக்கிறது என்றேன். அந்த ஆளுக்கும் அவளைத் தெரியும். முகக்கவசத்துக்கு மேலே கண்ணை மூடிக்கொண்டு போய்விட்டார். மாப்பிள்ளை மீன் கூடைகளை அவள் முன்னால் இறக்கினார்.  கூடையில் நல்ல பாறை மீன் கிடந்ததைக் கவனித்தேன். எடுக்கும்போதே தேடி எடுத்திருக்கிறார்.

அவள் அடுக்கினாள். அடியில் ஐஸ், அதன்மேல் தலை மாற்றி வால் மாற்றிப் பெரிய மீன்கள், மறுபடி ஐஸ். நாலு கை அடுக்குவதற்குள் மூச்சு இரைத்தது. நிமிர்ந்து நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி குனிந்தாள். நான் உதவிக்குப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். கடைசியில் மேல்தட்டு. வயிறு கிழிந்த கானாங்கெளுத்தி, சுண்டுவிரல் நீளப் பொடி மீன், நான் பூனைக்குப் போடக்கூட யோசிக்கிற சரக்கு. அதைப் பூ அடுக்குகிற மாதிரி அடுக்கினாள். லாரிக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். மாப்பிள்ளை அவரைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு நின்றது. பெட்டியைத் தானே தூக்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டு ஏறினார்.

அன்றைக்கு முழுக்க அந்த வீட்டில் காலடிச் சத்தம் ஓயவில்லை. சாயங்காலம் நானும் அங்கேயே போய் உட்கார்ந்துகொண்டேன். முக்காலி கூடத்தில் கிடந்தது. மகள் அதில் உட்காரப் போனபோது, எந்திரி என்று ஒரு அதட்டல். அவள் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

மாப்பிள்ளை வந்தார். சட்டை முழுக்க மீன் வழவழப்பு, இரண்டு பொத்தான் இல்லை. பேனாவைக் காணோம். வாசலிலேயே நின்று கவசத்தைக் கழற்றினார். இடது கன்னம் சிவந்திருந்தது.

தம்பியிடம் அக்காவைக் கூட்டிவரச் சொன்னாராம். அவன் முடியாது என்றானாம். பெட்டியை இறக்க மாட்டேன் என்று இவர் லாரியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். கடைசியில் அவள் வந்திருக்கிறாள். பெண்கள் யார்டுக்குள் வரக்கூடாது என்று காவல்காரன் தடுக்க, அவனைத் தள்ளிவிட்டு வந்திருக்கிறாள். பெட்டியைத் திறந்தாள், மேல்தட்டைப் பார்த்தாள், முழங்கை வரை கையை உள்ளே விட்டாள். அடியிலிருந்த பாறை மீனைப் பிடித்து இழுத்து எடுத்துப் பார்த்துவிட்டு, அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து கத்தினாளாம்.

"என்னன்னு கத்துனா?" என்றாள் பெட்டியக்கா.

"எனக்கு என்ன புரியும்? வசவுன்னு மட்டும் தெரிஞ்சுது. அப்புறம் எந்திரிச்சு வந்தாங்க. அந்த மீனாலயே ரெண்டு போட்டாங்க. அப்புறம் கையால ஒண்ணு."

"கையால எங்க அடிச்சா?"

அவர் கன்னத்தைக் காட்டினார். பெட்டியக்கா கிட்டே போனாள். தன் உள்ளங்கையை, சம்பந்தியின் விரல் பதிந்த அந்தச் சிவந்த இடத்தில், விரலுக்கு விரல் பொருத்தி வைத்தாள். வைத்தபடியே கண்ணை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளைக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது.

"எனக்கு வலிக்கலம்மா," என்றார்.

"உங்களை யாரு கேட்டா?" என்றாள் அவள். கையை எடுக்கவில்லை. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

மகள் தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தது. மாப்பிள்ளையும் கொஞ்சம் சிரித்தார். நாளையிலேருந்து நீ அடுக்கு, நான் ஏத்துறேன், முகம் வச்ச பெட்டியை இனிமே வாங்கக்கூடாதுன்னு கையைக் காட்டி அவங்க தம்பியையும் திட்டித் தீத்துட்டாங்க என்றார். அப்புறம் கூடத்தில் கிடந்ததைப் பார்த்தார்.

"முக்காலியைத் திருப்பிக் கேட்டாங்க. கையைக் காட்டிக் காட்டிக் கேட்டாங்க. நாளைக்கு லோடோட கொண்டுபோறேன்."

பெட்டியக்கா கண்ணைத் திறந்தாள். கன்னத்திலிருந்து கையை எடுத்து, முக்காலியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க கொண்டுபோக வேண்டாம்," என்றாள். "பாலம் திறக்கட்டும். நானே தூக்கிட்டுப் போய், அங்க போட்டு உட்காருவேன்."

சொல்லிவிட்டு அதை இடுப்பிலிருந்து இறக்காமலே வாசலுக்கும் கொல்லைக்குமாக நடக்க ஆரம்பித்தாள்.